அச்சம் தக்க காரணம் ஆகாது



திருவொற்றியூரில் ஒரு மாலைப் பொழுதில் ஆலைத் தொழிலாளர்களிடையே நான் பேசியதை எழுத்தில் தருமாறு நண்பர்கள் சிலர் கேட்டனர். பேச்சில் விட்டுப்போனவற்றைச் சேர்த்தும், மேடைக்கே உரிய ஆரவாரத்தைக் கூடியவரை கழித்தும் இங்கே தருகிறேன். அன்று கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். கேளாதவர்கள், என் எதிரே அமர்ந்து கேட்பதாக எண்ணிப் படியுங்கள்.

ஒரு சட்டத்தில் உள்ள ஒரே ஒரு விளக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். 1941ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. இன்றியமையாப் பணிகளைப் பராமரிப்பதற்கான சட்டம் என்று அதற்குப் பெயர். அந்தச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்ட வேலையில் இருப்பவன், தக்க காரணமின்றி வேலையை விட்டுச் சென்றாலும், வேலைக்கு வராது நின்றாலும் குற்றவாளி. இன்ன பகுதியை விட்டு நீ வெளியேறக் கூடாது என்று அவனுக்கு ஆணையிடவும் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. சர்க்கார் ஊழியத்தோடு அந்த வலை நின்றுவிடவில்லை. இன்ன வேலையும் இதில் அடங்கும் என்று அறிவித்துவிட்டால், எந்த வேலைக்கும் அது விரியும். சரி, தக்க காரணம் என்பது எது? அதைச் சொல்லவில்லை. எது தக்க காரணம் ஆகாது என்பதை மட்டும் ஒரு விளக்கம் சேர்த்துச் சொல்லிவைத்தார்கள். இந்த வேலையில் நீடித்தால் என் உடலுக்கு ஆபத்துக் கூடும் என்று ஒருவன் அஞ்சுவது தக்க காரணம் ஆகாது. அதுதான் அந்த விளக்கத்தின் சாரம்.

மேலோட்டமாகப் பார்த்தால், போர்க்காலத்துச் சட்டம் வேறு எப்படி இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்தச் சட்டம் யாருடைய காலைக் கட்டிற்று, யாருடைய காலை விட்டுவிட்டது என்று பார்க்க வேண்டுமானால், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துச் சென்னைக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து ஐந்து லட்சம் அளவில் இந்தியர்கள் வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சென்னைத் துறைமுகத்திலும் பிற துறைமுகங்களிலும் வந்து இறங்கினார்கள். கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தார்கள். நடந்தவர்களில் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டார்கள். ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின்மீது குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. 9ஆம் நாள் திருகோணமலை. தெற்கே கொழும்பு, வடக்கே விசாகை, இடையிலே சென்னை. ஜப்பானியக் கடற்படை இங்கே வருகிறது என்று கவர்னர் ஆர்தர் ஹோப்பின் சர்க்காருக்கு எச்சரிக்கை வந்தது. உடனே அலுவலகங்கள் மூட்டை கட்டின. கோப்புகளும் அதிகாரிகளும் உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். வசதி படைத்தோர் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார்கள். ரயில் நிலையங்களில் கூட்டம் நெரிந்தது. கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமே என்று, மூர் மார்க்கெட்டுக்கு அருகே இருந்த காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களில் சென்னையின் தெருக்கள் வெறிச்சோடின.

போனவர்களை நான் குறை சொல்லவில்லை. குழந்தை குட்டிகளோடு இருப்பவன் குண்டுக்கு அஞ்சாமல் வேறு எதற்கு அஞ்சுவான்? ஆனால், தோழர்களே, கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிறவன் எங்கே போவான்? எண்ணெய்த் தொட்டி அருகே வேலை செய்கிறவன், ரயில் இஞ்சினுக்குக் கரி தள்ளுகிறவன், குழாய்த் தண்ணீரை ஓடச் செய்கிறவன், குப்பை அள்ளுகிறவன், இவர்கள் எங்கே போவார்கள்? போர் நடக்க வேண்டுமானால் துறைமுகம் நடக்க வேண்டும்; துறைமுகம் நடக்க வேண்டுமானால் இராயபுரமும் காசிமேடும் தண்டையார்பேட்டையும் காலையில் எழுந்து வேலைக்கு வர வேண்டும். எதிரியின் விமானம் முதலில் தேடி வருவதும் அதே துறைமுகத்தைத்தான், அதே எண்ணெய்த் தொட்டிகளைத்தான். ஆபத்து எங்கே மிகுதியோ அங்கே நிற்பவனுக்குத்தான், ஆபத்தைக் காரணம் காட்டாதே என்று சட்டம் சொல்லிற்று. கோப்பைத் தூக்கிக்கொண்டு போன அதிகாரியின் அச்சம், சர்க்காரின் முன்யோசனை ஆயிற்று. மூட்டை தூக்குகிறவன் அஞ்சினால் அது குற்றமாகும்.

வடசென்னைக்கு இந்த ஆபத்து புதிதும் அன்று. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியதைப் பாட்டிமார் கதையாகக் கேட்டிருப்பீர்கள். பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலும் அடிபட்டது, உயிரிழந்தோரும் உண்டு. அப்போதும் ஊர் காலியாயிற்று. எம்டன் என்பது நம் பேச்சு வழக்கில் கெட்டிக்காரனுக்கும் அடாவடிக்காரனுக்கும் பெயராகி நிலைத்துவிட்டது. எரிந்த எண்ணெய்க்கு அருகே மறுநாள் காலை வேலைக்கு வந்தவனுக்கு எந்தப் பெயரும் நிலைக்கவில்லை.

எண்ணெய்க்கு அடுத்தபடியாகப் பட்டாளத்துக்கு வேண்டியது துணி. அந்த முதல் யுத்தத்தின்போது பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைகள் காக்கித் துணி நெய்து தள்ளின. பின்னி கம்பெனியின் காக்கி, சாயம் போகாத காக்கி என்று பெயர்பெற்றது. ஆலைக்குள் என்ன நடந்தது? நடுப்பகலில் உணவுக்கு அரை மணி நேரம். கை கழுவி, வரிசையில் நின்று, வாயில் போட்டு, திரும்பி ஓட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் வெளிக்கதவு சாத்தப்படும். யுத்தத்தால் அரிசி விலையும் துணி விலையும் ஏறின. துணி நெய்கிறவன் இடுப்பில் கந்தல். ஆலைக்கு அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும், அவர் நண்பர் இராமானுஜலு நாயுடுவும் இந்தத் துன்பத்தை நாள்தோறும் பார்த்தவர்கள். அவர்கள் நடத்திய ஒரு பஜனைச் சபையில்தான் தொழிலாளர்கள் கூடினார்கள். திரு.வி.க. அங்கே வந்து பேசினார். பி.பி.வாடியா வந்தார். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைப் போற்றுகிறது. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னே இருந்த கோரிக்கை எவ்வளவு சிறியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். உணவு வேளையைப் பத்து நிமிடம் கூட்டித் தாருங்கள் என்பதே அவர்கள் முதலில் கேட்டவற்றுள் ஒன்று!

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 1918இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யத் துடித்தபோது, வாடியா அவர்களைத் தடுத்தார். பின்னி கம்பெனியின் பணப்பைக்கு மட்டும் நட்டம் என்றால் எனக்குக் கவலையில்லை. அவர்கள் நிறையச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் நீங்கள் நெய்வது போர்முனையில் நிற்கும் சிப்பாயின் துணி. நீங்கள் நின்றால் அவன் வருந்துவான் என்ற கருத்தில் அவர் பேசினார். வாடியா நல்லவர்; தொழிலாளியிடம் உண்மையான பரிவு கொண்டவர். தொழிலாளியும் அவர் சொல்லைக் கேட்டான். எங்கோ மெசபொடேமியா மணலில் நிற்கும் ஒரு சிப்பாய்க்காகப் பெரம்பூர் நெசவாளி தன் பசியை ஒத்திவைத்தான்.

ஒத்திவைத்தவனுக்குக் கிடைத்தது என்ன? அந்த ஆண்டிலேயே கதவடைப்பு. யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டில், 1920 டிசம்பர் 9ஆம் நாள், துப்பாக்கிச் சூடு. தொழிலாளர் இருவர் மாண்டார்கள். கம்பெனி உயர்நீதிமன்றத்துக்குச் சென்று, தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்று வாடியாவின் மீதும் சங்கத்தார் மீதும் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. சிப்பாயின் துணிக்காக வேலைநிறுத்தத்தைத் தடுத்த அதே வாடியாதான்! அவர் சங்கத்தை விட்டு விலகுவது உடன்பாட்டின் பகுதியாயிற்று. 1921இல் நடந்த பெரும் போராட்டத்தில் புளியந்தோப்பு எரிந்தது. சாதி வேற்றுமையைக் கிளறித் தொழிலாளியைத் தொழிலாளியோடு மோதவிட்ட கொடுமையும் அப்போதுதான் நிகழ்ந்தது. ஆகஸ்டில் மீண்டும் துப்பாக்கிச் சூடு. தொழிற்சங்கம் என்பது சதிக் கூட்டம் அன்று என்று ஒப்புக்கொள்ளும் சட்டம் 1926இல் வந்ததென்றால், அதற்குப் பெரம்பூரில் கிடைத்த அந்தத் தடையாணையும் ஒரு காரணம்.

இரண்டாம் யுத்தத்தில் கூத்து பெரிது, மேடையும் பெரிது. பர்மா போன பிறகு இந்தியாவே போர்த்தளம் ஆயிற்று. விமானத் தளங்கள் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். 1942இல் வகுத்த திட்டத்தில் நாடெங்கும் இருநூறுக்கு மேற்பட்ட விமானத் தளங்கள். நம் மாகாணத்தில் சூலூர், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று எத்தனையோ இடங்களில் ஓடுபாதைகள் எழுந்தன. நமக்குப் பக்கத்தில் சோழவரம். செங்குன்றம் ஏரியிலோ, நீரிலிருந்து எழும் காட்டலினா விமானங்கள் இறங்கின. வங்கக் கடல்மீது வேவு பார்க்க அங்கிருந்துதான் பறந்தன. ஆவடியில் படைக்கலக் கிடங்குகள், முகாம்கள், சாலைகள் என ஒரு தனி நகரமே முளைத்தது.

இவற்றைக் கட்டியவர் யார்? மண்வாரி இயந்திரங்கள் அரிதாயிருந்த காலம் அது. மம்மட்டியும் கூடையும் சும்மாடும்தான் இயந்திரம். ஜல்லி உடைக்க ஆண்கள், சுமக்கப் பெண்கள், அவர்கள் பின்னே பிள்ளைகள். இராணுவ எஞ்சினியர் ஒப்பந்தக்காரரிடம் சொல்வார்; ஒப்பந்தக்காரர் மேஸ்திரியிடம் சொல்வார்; மேஸ்திரி ஊர் ஊராகப் போய் ஆள் பிடிப்பார். மேலிருந்து இறங்கும் பணம் ஒவ்வொரு படியிலும் கசியும்; கடைசிப் படியில் கூடை சுமப்பவளின் கையில் விழுவது சில்லறை. ஆலைத் தொழிலாளிக்காவது சங்கம் இருந்தது, பெயர்ப் பதிவேடு இருந்தது. கூடை சுமந்தவளுக்கு எந்த ஏட்டில் பெயர்? ஓடுபாதை முடிந்தது, அவள் ஊர் திரும்பினாள். சோழவரத்து ஓடுபாதையில் பிற்காலத்தில் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. ஆயிரக்கணக்கில் மக்கள் கூடிப் பார்த்தார்கள். காரின் வேகத்தைக் கண்டு வியந்தவர்களுள் எத்தனை பேர், சக்கரத்தின் கீழே கிடந்த ஜல்லி எவளுடைய தலைச்சுமை என்று எண்ணியிருப்பார்கள்?

பெண்களைப் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். நிலக்கரிச் சுரங்கத்தின் ஆழத்தில் பெண்களை இறக்கக் கூடாது என்ற தடை ஏற்கெனவே இருந்தது. 1943இல் யுத்தத்துக்குக் கரி போதவில்லை என்று சொல்லி அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். 1946 வரை பெண்கள் மீண்டும் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். இது வடக்கே வங்காள, பீகார்ச் சுரங்கங்களில் நடந்தது. எனினும் தொழிலாளியைக் காக்கும் சட்டத்தை யுத்தத்தின் பேரால் விலக்குவது எத்துணை எளிது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். குண்டு விழுந்து கை கால் போனால் தொழிலாளிக்கு ஈடு யார் தருவது? சாதாரண விபத்துக்கான நட்டஈட்டுச் சட்டத்தில் யுத்தக் காயத்துக்கு வழியில்லை. முதலாளிகள் காப்புறுதி செய்து, யுத்தக் காயம் பட்ட தொழிலாளிக்கு ஈடு தர வேண்டும் என்னும் சட்டம் 1943இல்தான் வந்தது. ஓடக் கூடாது என்ற சட்டம் 1941இல். விழுந்தால் ஈடு என்ற சட்டம் 1943இல். அந்த 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் இரவில் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுச் சென்றது. பெருஞ்சேதம் இல்லை, சென்னையின் அதிர்ஷ்டம்.

இனி 81ஏ விதிக்கு வருகிறேன். இந்தியப் பாதுகாப்பு விதிகள் என்று ஒரு பெருந்தொகுதி யுத்தத்தின்போது இருந்தது. அதில் 1942 ஜனவரியில் இந்த விதியைச் சேர்த்தார்கள். வேலைநிறுத்தத்தைத் தடுக்கலாம்; தகராற்றைக் கட்டாயத் தீர்ப்புக்கு அனுப்பலாம்; தீர்ப்பைக் கட்டாயமாக்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் அதன்கீழ் ஓர் ஆணை: பதினான்கு நாள் முன்னறிவிப்புக் கொடாமல் எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தம் கூடாது. பதினான்கு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மறுபடியும் வரும்.

அதே காலத்தில்தான் டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். சர்க்கார், முதலாளி, தொழிலாளி ஆகிய மூன்று தரப்பும் ஒரே மேசையில் அமரும் மாநாட்டு முறை அவர் காலத்தில் உருவாயிற்று. வாரத்துக்கு 54 மணி என்றிருந்த ஆலை வேலை 48 மணியாகக் குறைந்தது அவர் கொண்டுவந்த திருத்தத்தால்தான். 1946இல் அது நடப்புக்கு வந்தது. யுத்தம் எல்லாவற்றையும் பறித்தது என்று ஒரேயடியாகச் சொன்னால் அது பொய்யாகும். பஞ்சப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அகவிலைப்படி என்று அழகாகச் சொல்கிறோம். நம் முன்னோர் வைத்த பெயர் பஞ்சப்படி. பர்மா அரிசி நின்றது, விலைவாசி யுத்தம் முடிவதற்குள் இரட்டிப்புக்கும் மேலே போயிற்று, அடிப்படைக் கூலியை உயர்த்த முதலாளிக்கு மனம் இல்லை. அப்போது, பஞ்சம் தீரும்வரை மட்டும் என்று சொல்லிக் கொடுத்த படி அது. பஞ்சம் தீர்ந்ததா? இன்றுவரை வாங்கிக்கொண்டிருக்கிறோம்! ரேஷன் கடையும் அந்த 1943ஆம் ஆண்டோடு சென்னைக்கு வந்ததுதான். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பஞ்சப்படியை ஒவ்வொரு புள்ளியாக, ஒவ்வொரு ஆலையாகப் போராடி நிலைநிறுத்த வேண்டியிருந்தது. 81ஏ விதியை நிலைநிறுத்த எவரும் போராடவில்லை. அது தானாகவே நிலைத்தது.

அதற்கு முன் நம் இயக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். மற்றவர் குறையைப் பேசிவிட்டு நம் குறையை ஒளிப்பது அழகன்று. 1942 ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சியின்மீது இருந்த தடை நீங்கியது. ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கிய பிறகு இது மக்கள் யுத்தம் என்று கட்சி கருதியது. உற்பத்தி தடைப்படலாகாது, வேலைநிறுத்தம் தவிர்க்கப்பட வேண்டும் என்று தொழிலாளரிடம் சொல்லிற்று. பாசிசம் வென்றிருந்தால் உலகம் என்னாகியிருக்கும் என்பதை அறிந்தவர் எவரும் அந்தக் கவலையை எள்ளி நகையாட மாட்டார். சயாமிலும் பர்மாவிலும் ஜப்பானிய இராணுவம் போட்ட ரயில் பாதையில், மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் செத்து விழுந்த காலம் அது. பாசிசத்தின் வெற்றி தமிழ்க் கூலிக்கு என்ன தரும் என்பதற்கு அந்தப் பாதையே சாட்சி. ஆனால், 1918இல் வாடியா சொன்னதையே இருபத்துநான்கு ஆண்டு கழித்து நாமும் சொன்னோமா இல்லையா? சிப்பாய்க்காக ஒத்திவை என்றுதானே சொன்னோம்? ஒத்திவைப்பதற்குக் கைமாறாக எதை எழுதி வாங்கினோம்? போராடும் உரிமையை யுத்தம் முடிந்த மறுநாளே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரியாவது எழுதி வாங்கியிருக்க வேண்டாமா? எனக்கு அந்தக் குறை உண்டு. மூத்த தோழர்கள் இதில் என்னோடு மாறுபடலாம், மாறுபடட்டும்.

யுத்தம் முடிந்தது. இத்தனை ஆண்டு அடக்கி வைத்த பசி எழுந்தது. 1946இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். செப்டம்பர் 5ஆம் நாள் பொன்மலையில் துப்பாக்கிச் சூடு. ஐந்து தோழர்கள் உயிர்நீத்தார்கள். 1947இல் பெரம்பூரில் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர் சுமார் நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத் தலைவர் அந்தோணிப் பிள்ளை சிறை சென்றார். பத்தாண்டு கழித்து அதே அந்தோணிப் பிள்ளையை வடசென்னை மக்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள் என்பது வேறு கதை, இனிய கதை.

அந்த 1947 ஏப்ரல் முதல் நாள், தொழில் தகராறுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டாயத் தீர்ப்பு, தகராறு விசாரணையில் இருக்கும்போது வேலைநிறுத்தத் தடை, பொதுப் பயன்பாட்டுப் பணிகளில் முன்னறிவிப்பு என்று 81ஏ விதியின் எலும்புக்கூடு அப்படியே அதற்குள் வந்து அமர்ந்தது. ஆள்பவர் மாறப்போகும் தறுவாயில், அவர் விட்டுச் சென்ற பூட்டுக்குப் புதிய சாவி செய்துகொண்டார்கள். சட்டத்தால் தொழிலாளிக்கு நன்மையும் உண்டு. வேலைநீக்கத்துக்கு எதிராக எத்தனை தோழர்கள் அதன் துணையோடு வென்றிருக்கிறார்கள்! அதையும் மறக்கவில்லை.

யுத்தகாலத்து இன்றியமையாப் பணிச் சட்டமோ, வெவ்வேறு பெயர்களில் மறுபிறவி எடுத்துக்கொண்டே இருந்தது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில், யுத்தமும் இல்லை, குண்டும் இல்லை. ஓய்வூதியச் சலுகைகளுக்காக அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றியமையாப் பணிச் சட்டத்தைக் காட்டி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தது அன்றைய அரசு. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அன்று என்று உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆவடியைப் பாருங்கள். யுத்தம் விட்டுச் சென்ற ஆவடியில்தான் 1955இல் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச மாதிரியிலான சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1961இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை, படையுடைத் தொழிற்சாலை ஆகிய இரண்டும் எழுந்தன. 1965இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து உருண்டு வெளியே வந்தது. பெரம்பூர் நெசவாளி துணி கொடுத்த பட்டாளத்துக்கு இப்போது ஆவடித் தொழிலாளி உடை தைத்துக் கொடுக்கிறார். பெரம்பூர் ஆலை 1996இல் மூடப்பட்டது; அந்த மண்ணில் இன்று அடுக்குமாடிகள். ஆவடியில் என்ன நடந்தது? படைக்கலத் தொழிற்சாலைகள் நாற்பத்தொன்றையும் ஏழு கம்பெனிகளாக்கப் போகிறோம் என்று 2021இல் மத்திய அரசு அறிவித்தது. தொழிலாளர் சம்மேளனங்கள் ஜூலை 26 முதல் வேலைநிறுத்தம் என்றன. ஜூன் 30ஆம் நாளே அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் ஓராண்டுக் காலத்துக்கான சட்டமாயிற்று. வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டுச் சிறை, தூண்டினால் ஈராண்டு. அக்டோபர் முதல் நாள் ஏழு கம்பெனிகளும் பிறந்தன. எந்த யுத்தம் நடந்தது அப்போது?

நினைவில் வைக்கச் சொன்ன எண்ணுக்கு வருகிறேன். நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. தொழில் தகராறுச் சட்டம் அதோடு முடிந்தது. முன்பு பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்பு, இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும். எத்தனை நாள்? பதினான்கு நாள்! 1942 ஆகஸ்டில் எல்லாத் தொழிலுக்கும் விரித்த வலை. யுத்தம் முடிந்தபின் ஓரளவு சுருங்கியது. எண்பத்து மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் முழு அகலத்துக்கு விரிந்திருக்கிறது. பாதிப்பேர் கூடி ஒரே நாளில் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாம். அதற்கும் இந்த வலை பொருந்துமாம். கொடுத்த நோட்டீசின்மேல் சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், பேச்சு நடக்கும்வரை மீண்டும் தடை. அப்படியானால் எந்த நாளில்தான் வேலைநிறுத்தம் செய்வது என்று கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து கேட்டார். நாட்காட்டியில் தேடிப் பார்க்க வேண்டியதுதான் என்றேன்; எல்லாரும் சிரித்தார்கள், கேட்டவர் சிரிக்கவில்லை.

தடுத்து நிறுத்தவே முடியாது என்று எண்ணிவிடாதீர்கள். 2023 ஏப்ரல் 21ஆம் நாள் தமிழகச் சட்டப்பேரவையில், நாளுக்குப் பன்னிரண்டு மணி வரை வேலை வாங்க இடம் தரும் திருத்தம் நிறைவேறியது. எல்லாக் கட்சித் தொழிற்சங்கங்களும் எழுந்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. யுத்தகாலத்தில் எந்த அவசரச் சட்டத்தையும் அப்படித் திரும்பப் பெறவைக்க நம்மால் முடிந்ததில்லை.

முதலில் சொன்ன அந்த விளக்கத்துக்கே திரும்புகிறேன். அச்சம் தக்க காரணம் ஆகாது. எண்ணூர்த் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் அமோனியாக் குழாய் கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஓடியது சரியே, எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஓர் இரவில் ஆலைக்கு உள்ளே ஷிப்டில் இருப்பவன்?

போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளி கருதினால், அதை நிர்வாகத்திடம் சொல்லலாம். நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும். அதற்கு உடன்பாடு இல்லையேல் ஆய்வாளரிடம் அனுப்ப வேண்டும். புதிய தொகுப்புச் சட்டத்திலும் இதே ஏற்பாடு இருக்கிறது. சொல்லலாம் என்று இருக்கிறது. சொல்லிவிட்டு வெளியேறலாம் என்று அந்தப் பிரிவில் இல்லை. வெளியேறினவனுக்கு அன்றைய கூலி உண்டு, வேலைக்குக் கேடு இல்லை என்றும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் தேரடி வரை என்னோடு நடந்துவந்த தோழர்களிடம் ஒன்று கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன். அடுத்த கூலி உடன்படிக்கையின் கோரிக்கைப் பட்டியலை உங்கள் சங்கம் எழுதும்போது, பஞ்சப்படிக்கும் போனசுக்கும் மேலே, முதல் வரியாக இதை எழுதுவீர்களா? ஆபத்து என்று கண்டால் வேலையிடத்தை விட்டு வெளியேறத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காகக் கூலி பிடித்தமோ தண்டனையோ கூடாது. ஆலைக்கு ஆலை எழுதுங்கள். துறைமுகத்தில் எழுதுங்கள், எண்ணெய்க் கிடங்கில் எழுதுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியையும் அந்த வரிக்குள் சேர்த்து எழுதுங்கள்.